உடம்பில் ஒட்டும் மருந்து பம்ப்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது?

(இணைய மன்றம் ஒன்றில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அல்சூர் ஏரிக்கரை

வணக்கம். பெங்களூரில் நாலு பேர் கொண்ட சின்னக் குழு நாங்கள். வயிற்றிலோ கையிலோ ஒட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் பம்ப் ஒன்றை வடிவமைத்து வருகிறோம். வேலை ஓரளவு நகர்ந்து, இப்போது ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. பம்பை இரண்டாகப் பிரிக்கிற கோடு அது. ஒரு பக்கம் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பாகம், மறுபக்கம் மூன்று நாளில் தூக்கிப்போடும் பாகம். அந்தக் கோட்டை எங்கே போடுவது?

சந்தையில் இருக்கும் வழிகள் பலருக்கும் தெரிந்திருக்கும். இடுப்பில் செருகி ட்யூப் வழியாகச் செலுத்தும் பம்புகளில் பெட்டி வருடக்கணக்கில் இருக்கும், மருந்துக் கலமும் ட்யூப் செட்டும்தான் மாறும். 2005-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆம்னிபாட் இதற்கு நேர் எதிர்: 200 யூனிட் மருந்து, பேட்டரி, சர்க்யூட், ஊசி எல்லாம் ஒரே கூட்டுக்குள். மூன்று நாள் முடிந்ததும் மொத்தமும் குப்பைக்கு. நடுவில் அக்யூ-செக் சோலோ, மெட்ரம் மாதிரி சில. அவற்றில் மூளை இருக்கும் பாகம் தங்கும், மருந்தும் பேட்டரியும் சேர்ந்த பாகம் போகும்.

நாங்களும் நடு வழியைத்தான் பிடித்திருக்கிறோம். இப்போதைய வரைபடத்தில் மோட்டார், கியர், லீட் ஸ்க்ரூ (சுழன்று தள்ளும் மரைத் தண்டு), சர்க்யூட், ப்ளூடூத், சார்ஜ் செய்யும் பேட்டரி எல்லாம் மேல் பாகத்தில். 2 மில்லி மருந்துக் கலம், அதிலிருந்து மருந்தைத் தள்ளும் பிளஞ்சர், தோலுக்கடியில் போகும் மெல்லிய குழாயான கேனுலா, அதை உடம்புக்குள் இறக்கும் ஸ்பிரிங், ஒட்டுத்துணி இவை அடிப் பாகத்தில். விலை கூடியது மேலே, மலிவானது கீழே. எங்கள் குழுவில் இருவர் இதை ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கும் இன்னொருவருக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. பட்டறைக்காரர்கள், மருத்துவமனையில் இருப்பவர்கள், பம்ப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பீன்யா பட்டறை

தம்பி, விலையை வைத்துக் கோடு போட்டால் அது அக்கவுண்டன்ட் போட்ட கோடாகத்தான் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி என்ன அசைகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் வரைபடத்தில் லீட் ஸ்க்ரூ மேலே, பிளஞ்சர் கீழே. அப்படியென்றால் ஒரு தண்டு மேல் பாகத்திலிருந்து வெளியே நீண்டு வந்து பிளஞ்சரைத் தள்ள வேண்டும். மூன்று நாள் கழித்து அது திரும்ப உள்ளே போக வேண்டும். வெளியே இருந்தபோது அதன் மேல் படிந்த வியர்வை, சிந்திய இன்சுலின், தூசி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இன்சுலின் காய்ந்தால் பிசுபிசுப்பு. சில மாதத்தில் உள்ளே இருக்கும் சீல் தேயும், மோட்டார் திணறும்.

ஸ்க்ரூவைக் கீழே இறக்கிவிட்டால் கோட்டைத் தாண்டுவது சுழற்சி மட்டுமே. சுழலும் தண்டுக்கு சீல் போடுவது, நீளும் தண்டுக்குப் போடுவதைவிட எவ்வளவோ எளிது. ஆனால் அங்கே வேறொரு தொல்லை வரும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

யு-100 இன்சுலின் ஒரு மில்லியில் 100 யூனிட். உங்கள் பம்ப் ஒரு துடிப்புக்கு 0.05 யூனிட் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 0.5 மைக்ரோலிட்டர். கலத்தின் உள் விட்டம் 11 மி.மீ. என்றால் பிளஞ்சர் ஒரு துடிப்புக்கு நகர வேண்டியது சுமார் 5 மைக்ரான், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது மேல் பாகத்துத் தண்டும் கீழ் பாகத்து ஸ்க்ரூவும் கோத்துக்கொள்ளும் இடத்தில் 5 டிகிரி ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். பிளாஸ்டிக் மோல்டிங்கில் அது சாதாரணம். ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு அது நகர்த்தும் தூரம், அரை மி.மீ. என்றால் அந்த 5 டிகிரி சுமார் 7 மைக்ரான் நகர்வு. அதாவது, மோட்டார் சுற்றியது, செயலியில் டோஸ் போனதாகக் கணக்கு ஏறியது, மருந்து ஒரு சொட்டும் நகரவில்லை.

நல்ல செய்தி, பம்ப் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. ஆட்டத்தை ஒரு தடவை இறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. கெட்ட செய்தி, இரண்டு பாகத்தையும் ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அது திரும்ப வரும். அதனால் என் கேள்வி இது: குளிக்கும்போது மேல் பாகத்தைக் கழற்றி வைக்கலாம் என்று யோசித்திருக்கிறீர்களா?

அல்சூர் ஏரிக்கரை

ஆமாம் சார், அப்படித்தான் யோசித்தோம். அதைத்தான் பெரிய வசதி என்று நினைத்தோம்.

பீன்யா பட்டறை

அப்படியானால் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் முதல் ஒன்றிரண்டு துடிப்பு காற்றில் போகும். பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. மணிக்கு 0.1 யூனிட் போகிற குழந்தைக்கு, அரை மணி முதல் ஒரு மணி நேர மருந்து அது.

ஜாலஹள்ளி கிராஸ்

எனக்கு வேறு கருத்து. இந்தக் கோடே வேண்டாம். முழுவதையும் தூக்கிப்போடுங்கள். இரண்டு பாகம் என்றாலே ஒரு இணைப்பு, இணைப்பு என்றாலே தண்ணீர் கசிவு, தேய்மானம், தவறாக மாட்டுவது. மூன்று நாள் மட்டும் உழைக்க வேண்டிய பொறியை அந்த மூன்று நாளுக்கு மட்டும் சோதித்தால் போதும். நாலு வருடம் உழைக்க வேண்டியதை ஐந்நூறு தடவை மாட்டிக் கழற்றிச் சோதிக்க வேண்டும். முழுக்கூட்டு பம்பைத்தான் இத்தனை நோயாளிகள் விரும்பிப் போட்டுக்கொள்கிறார்கள். பிரித்து மாட்ட எதுவும் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். மோட்டார் விலையைக் குறைப்பதில் உழையுங்கள். மோட்டாரே இல்லாமல், மின்சாரம் பாய்ந்தால் சுருங்கும் நிட்டினால் கம்பியை வைத்து ராட்செட்டை, அதாவது ஒரே திசையில் நகரும் பல்சக்கரத்தை, தள்ளுகிறார்கள், தெரியுமல்லவா? முழுக்க எந்திர முறையிலேயே ஓடும் வி-கோ என்று ஒன்று உண்டு. அதில் பேட்டரியே கிடையாது, ஒரு நாளைக்கு 20, 30 அல்லது 40 யூனிட் என்று மூன்று வகை.

டைப் ஒன் அம்மா

மேலே எழுதியவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுவதையும் மூன்று நாளுக்கு ஒரு தடவை தூக்கிப்போடுங்கள் என்று சொல்வது எளிது, மாதா மாதம் அந்தப் பணத்தைக் கட்டுவது நாங்கள். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், டைப் 1 சர்க்கரை நோய். சென்சார், ஸ்ட்ரிப், இன்சுலின், ட்யூப் செட் என்று எல்லாமே கைக்காசு. எங்களைப் போன்ற வீடுகளில் மாசக் கடைசியில் என்ன நடக்கும் தெரியுமா? மூன்று நாள் செட்டை ஐந்து நாள் ஓட்டுவார்கள். ஒட்டுத்துணி உரிந்தால் சுற்றிலும் பிளாஸ்டர். தோல் சிவந்தாலும், சர்க்கரை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று தெரிந்தாலும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று இருப்பார்கள். தப்பு என்று தெரியாமல் செய்வதில்லை.

ஆகவே தம்பி, தூக்கிப்போடும் பாகம் எவ்வளவு விலை என்பது வெறும் வியாபாரக் கணக்கு இல்லை. விலை ஏறினால் அதை யாரும் குறித்த நாளில் தூக்கிப்போட மாட்டார்கள். அந்த வகையில் உங்கள் இரண்டு பாகத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இன்னொன்று. மேல் பாகம் தொலைந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூட பாத்ரூமில், நீச்சல் வகுப்பில், ஆட்டோவில். கட்டைவிரல் அளவு சாமான் அது. தொலைந்த அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு என்ன வழி? பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். அது நின்றால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏறும். புதிதாக ஆர்டர் போட்டு வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. மேல் பாகம் இரண்டு கொடுங்கள், அல்லது அது தனியாகக் கழன்று வராத மாதிரி செய்யுங்கள். குளிக்கக் கழற்றுவது வசதி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது தொலைக்க ஒரு வாய்ப்பு.

அப்புறம், தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் எந்த ஒட்டுத்துணியும் மூன்று நாள் தாங்காது. கையின் பின்புறம் ஒட்டினால் முடியிலிருந்து வழியும் எண்ணெய் முதலில் அங்கேதான் வரும். உங்கள் சோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீன்யா பட்டறை

அம்மா சொன்னதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கேனுலா மடங்கிவிட்டால், அல்லது அடைத்துக்கொண்டால், பம்ப் எப்போது கண்டுபிடிக்கும்? பெரும்பாலான பம்புகள் பிளஞ்சர் மேல் ஏறும் அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. அந்த அழுத்தம் ஏற, போகாத மருந்து உள்ளே சேர வேண்டும். 2 யூனிட் சேர்ந்தால் அலாரம் அடிக்கும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1 யூனிட் போகிறவருக்கு 2 மணி நேரம். மணிக்கு 0.1 யூனிட் போகிற குழந்தைக்கு 20 மணி நேரம். நடுவில் சாப்பாட்டு டோஸ் கொடுத்தால் சீக்கிரம் தெரியும், தூங்கும்போது தெரியாது.

அழுத்தம் அளக்கும் சென்சாரை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் உங்கள் கோட்டுக் கேள்விதான். அது விலை கூடியது, ஆகவே மேல் பாகத்தில் வைப்பீர்கள். அப்போது அது அளப்பது வெறும் மருந்தின் அழுத்தத்தை அல்ல. நடுவில் இருக்கும் கோர்வை, ஸ்க்ரூ, பிளஞ்சரைச் சுற்றிய ரப்பர் வளையமான ஓ-ரிங் எல்லாவற்றின் உராய்வையும் சேர்த்து அளக்கும். ஒவ்வொரு புதுக் கலத்துக்கும் அந்த உராய்வு மாறும். ஆகவே மாட்டிய உடனே, கேனுலா உள்ளே இறங்குவதற்கு முன்னால், பம்ப் கொஞ்சம் தள்ளிப் பார்த்து அந்தக் கலத்தின் உராய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே தள்ளலில் நான் முன்பு சொன்ன ஆட்டமும் இறுகிவிடும். இரண்டு வேலை ஒரே அடியில்.

பெல்லந்தூர் பேட்டரி

சார்ஜ் செய்யும் பேட்டரியை மேல் பாகத்தில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உடம்பில் ஒட்டியிருக்கும் பொருளை எப்போது சார்ஜ் செய்வது? கழற்றினால்தான் முடியும். கழற்றக்கூடாது என்று மேலே இருவர் சொல்லிவிட்டார்கள். ஒட்டியபடியே கம்பியில்லாமல் சார்ஜ் செய்தால் தோலுக்குப் பக்கத்தில் சூடு, சூடு என்றால் பக்கத்தில் இருக்கும் இன்சுலினுக்கும் சூடு. வேக இன்சுலின் வகைகளில் பம்பில் இருக்கும்போது 37 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றுதான் லேபிளிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். உடம்புச் சூடே அதற்கு ஒட்டி நிற்கிறது. சட்டைக்குள், ஏப்ரல் வெயிலில், சில்க் போர்டு சிக்னலில் பைக்கில் நிற்பவருக்கு ஒரு டிகிரிகூட கூடுதல் இடம் கிடையாது.

அதனால்தான் நடு வழி பம்புகளில் பேட்டரியைத் தூக்கிப்போடும் பாகத்தோடு சேர்த்திருக்கிறார்கள். புதுக் கலம் மாட்டினால் புது பேட்டரி. நோயாளி சார்ஜைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எந்த பேட்டரி என்பதில்தான் சிக்கல். ஜிங்க்-ஏர் செல் எடைக்கு நிறைய சக்தி தரும், காது கருவிகளில் அதுதான் போகிறது. ஆனால் அதற்குக் காற்று வேண்டும். தண்ணீர் புகாத கூட்டுக்குள் காற்று மட்டும் புக வேண்டும் என்றால் காற்று விடும் சவ்வு வேண்டும். சோப்பு நுரையோ எண்ணெயோ அந்தச் சவ்வை அடைத்தால் செல் மூச்சு முட்டி நின்றுவிடும். சில்வர் ஆக்சைடு செல்லுக்குக் காற்று வேண்டாம், ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்ட்டுக்கு அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தால் அந்த இழுப்பைச் சமாளிக்கலாம்.

பேட்டரி கீழே போனால் கோட்டைத் தாண்டி மின்சாரம் போக வேண்டும், அதாவது வெளியே தெரியும் தொடுமுனைகள். வியர்வையில் உப்பு இருக்கிறது. இரண்டு முனைக்கும் நடுவில் எப்போதும் வோல்டேஜ் இருந்து மேலே வியர்வை படர்ந்தால் முலாம் பூசின முனைகூட அரித்துப்போகும். தங்க முலாம் போடுங்கள், முனைகளைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு மாட்டிய உடனே நசுங்கி மூடிக்கொள்கிற மாதிரி செய்யுங்கள். பாகங்கள் சரியாக மாட்டியிருக்கின்றன என்று தெரியும் வரை வோல்டேஜே விடாதீர்கள்.

இன்னொரு உபயோகமும் உண்டு. அடிப் பாகத்தில் பக்கத்தில் வைத்தாலே கம்பியில்லாமல் படிக்கக்கூடிய ஒரு சின்ன என்.எஃப்.சி. சில்லு வைத்தால், இது புதுசா பழசா, எந்தத் தேதி, எந்த வகை என்று மேல் பாகம் படித்துக்கொள்ளும். ஏற்கெனவே பயன்படுத்தியதை ஏற்காது.

டைப் ஒன் அம்மா

ஏற்காது என்றால்? நான்காம் நாள் காலையில் வீட்டில் வேறு செட் இல்லை என்றால் பம்ப் அப்படியே நின்றுவிடுமா? பூட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு அவகாசம் கொடுங்கள். ஆம்னிபாடில்கூட 72 மணி நேரத்துக்கு மேல் 8 மணி நேரம் தருகிறார்கள்.

சர்க்கரை நோய் சிஸ்டர்

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் இன்சுலின் கற்றுக்கொடுக்கும் செவிலியர். நீங்கள் எல்லாரும் மைக்ரான் கணக்கில் இருக்கிறீர்கள். நான் பார்க்கும் தவறுகள் அதைவிட ஆயிரம் மடங்கு பெரியவை.

உங்கள் அடிப் பாகத்தில் மருந்தை யார் நிரப்புகிறார்கள்? நோயாளியே ஒரு குப்பியிலிருந்து ஊசியில் எடுத்து நிரப்புவதாக இருந்தால், இந்த நாட்டில் யு-40 குப்பிகள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கு, ஆரஞ்சு மூடி யு-100-க்கு. பம்புகள் பெரும்பாலும் யு-100 என்று நினைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. அதில் யு-40 ஊற்றினால் போக வேண்டிய மருந்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் போகும். அதோடு யு-40-இல் வருவது பெரும்பாலும் பழைய வகை மனித இன்சுலின், அதில் சில கலங்கலானவை. அதை பம்பில் ஊற்றவே கூடாது. மருந்துக்கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வரும் வீட்டுப் பெரியவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஆகவே முடிந்தால் நிரப்பும் வேலையே இல்லாமல் செய்யுங்கள். நம்மூரில் பேனாவுக்கு வரும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் எல்லா ஊரிலும் கிடைக்கும், அது யு-100. அது அப்படியே உள்ளே உட்காருகிற மாதிரி அடிப் பாகம் செய்தால் ஊசியும் இல்லை, குப்பியும் இல்லை, காற்றுக் குமிழியும் குறையும். பம்ப் கொஞ்சம் நீளமாகும், அது எனக்குப் புரிகிறது. இப்சோபம்ப் என்ற பம்ப், மருந்து நிரப்பியே வரும் 1.6 மில்லி கண்ணாடிக் கார்ட்ரிட்ஜை ஏற்கும்படி செய்யப்பட்டது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை.

இன்னொன்று, கைகள். பார்கின்சன் நோய்க்கு அப்போமார்பின் பம்ப் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் மருந்து போவதற்கு முன்னால் கை நடுங்கும், அந்த நேரத்தில்தான் பம்பையே மாட்ட வேண்டும். மாட்டுவது மனைவியோ மகளோ. அந்த மருந்து காற்றுப் பட்டால் பச்சையாக மாறி, சிந்தின துணியில் போகாத கறையாக நிற்கும். அவர்கள் வீட்டு மேஜை விரிப்பைப் பார்த்தாலே பம்ப் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். தலசீமியா குழந்தைகளுக்கும் இதே கதை. உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்து ராத்திரி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தோலுக்கடியில் போக வேண்டும், வாரத்தில் ஐந்து ஆறு ராத்திரி. மாட்டுவது அம்மா, அரைத் தூக்கத்தில். உங்கள் பம்ப் இன்றைக்கு இன்சுலினுக்கு. நாளைக்கு வேறு மருந்துக்கும் போகும். இரண்டு பாகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே விதமாக மட்டும்தான் மாட்ட முடியும் என்கிற மாதிரி செய்யுங்கள். தப்பாகத் திருப்பினால் உட்காரவே கூடாது. சரியாக உட்கார்ந்தால் விரலுக்கே ஒரு கிளிக் தெரிய வேண்டும்.

ஜிகணி பாலிமர்

சிஸ்டர் சொன்ன கார்ட்ரிட்ஜ் யோசனைக்குப் பொருள் பக்கத்திலிருந்தும் ஆதரவு உண்டு. இன்சுலினில் மெட்டா-கிரெசால், பீனால் என்று பாதுகாப்புப் பொருட்கள் இருக்கின்றன. கிருமி வளராமல் காப்பவை அவைதான். பல பிளாஸ்டிக்குகள், முக்கியமாக சிலிக்கோன் ரப்பர், அவற்றைக் குடித்துவிடும். மருந்துக் கலத்துக்கு சைக்ளிக் ஓலெஃபின் வகை பிளாஸ்டிக்கைத் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியில் அந்தக் கவலை இல்லை. இன்னொரு பக்கம், இன்சுலின் குலுக்கலுக்கும் சூட்டுக்கும் காற்றுக் குமிழிக்கும் பயப்படும் புரதம். நாள் முழுக்க உடம்போடு ஆடினால் இழைகளாகத் திரளும், அந்த இழைகள் கேனுலாவை அடைக்கும். கலத்தில் காற்று இருக்கும் இடம் குறையக் குறைய நல்லது.

காற்று என்றதும் இன்னொன்று. பிளஞ்சருக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தண்ணீர் புகாமல் முழுக்க அடைத்துவிடாதீர்கள். சென்னையில் மாட்டிக்கொண்டு பெங்களூர் வந்தால் 900 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறையும். அடைபட்ட காற்று பிளஞ்சரைத் தள்ளும். 11 மி.மீ. விட்டத்துக்கு அது கிட்டத்தட்ட 1 நியூட்டன். ஓ-ரிங் உராய்வு அதைத் தாங்கிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள், விமானத்தில் அது இன்னும் கூடும். தண்ணீரை விடாத, காற்றை விடுகிற ஒரு சவ்வு அங்கே வேண்டும். அதோடு பிளஞ்சர் ஸ்க்ரூவின் மரையோடு பிணைந்திருக்க வேண்டும். வெறுமனே தள்ளிவிட்டு நிற்கிற தண்டாக இருந்தால் பிளஞ்சர் தானாக முன்னே போக வழி இருக்கிறது.

கோப்புக்காரர்

விதிமுறை வேலையில் இருப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவக் கருவி விதிகள் 2017 கருவிகளை ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுக்கின்றன. இது சி வகுப்பில் வரும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சி, டி வகுப்புக் கருவிகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். தரநிலைகளில் மருந்து செலுத்தும் பம்புகளுக்கான ஐ.இ.சி. 60601-2-24-ஐப் பாருங்கள்.

கோட்டைப் பற்றி எனக்குத் தோன்றுவது கிருமி நீக்கம். உடம்புக்குள் போகிற கேனுலாவும் மருந்துப் பாதையும் கிருமியில்லாமல் வர வேண்டும். அடிப் பாகத்தில் பேட்டரியும் சில்லும் வந்துவிட்டால் காமா கதிர் சரிப்படாது, வழக்கமான 25 கிலோகிரே அளவில் சில்லு கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. எத்திலீன் ஆக்சைடு வாயுதான் வழக்கமான வழி. அந்த வாயு மருந்துப் பாதையின் கடைசி முனைவரை உள்ளே போய் வெளியே வர வேண்டும், எச்சமும் அளவுக்குள் இருக்க வேண்டும். அடைத்த குழாய் ஏதும் இருந்தால் இப்போதே திறந்துவையுங்கள். நிரப்பிய கார்ட்ரிட்ஜைத் தனியாக மாட்டுவதாக இருந்தால் உங்களுக்கு ஒரு பாரம் குறையும், மருந்து இந்த வாயுவுக்குள் போகவே வேண்டாம்.

உலர்கழிவு

கடைசியாக எங்கள் பக்கம். நான் வார்டு உலர்கழிவு மையம் ஒன்றோடு வேலை செய்கிறேன். இந்தப் பாகம் மூன்று நாள் கழித்து எந்தத் தொட்டிக்குப் போகும் என்று யாராவது யோசித்தீர்களா?

2022 மின்கழிவு விதிகளின் பட்டியலில் மருத்துவக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் கிருமித்தொற்று உள்ளவை விலக்கு. ரத்தம் பட்ட கேனுலா ஒட்டியிருந்தால் மின்கழிவுக்காரர் வாங்க மாட்டார். பேட்டரி இருப்பதால் நாப்கின், கட்டுத்துணி போன்றவை போடும் சிவப்புத் தொட்டிக்குப் போகக்கூடாது. ஊசி இருப்பதால் உலர்கழிவுப் பையிலும் போடக்கூடாது. 2016 திடக்கழிவு விதிகளிலேயே பேட்டரியையும் ஊசியையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வீட்டு வாசலுக்கு யார் வருகிறார்கள்? கடைசியில் உலர்கழிவில்தான் வரும். அதைப் பிரிப்பவர் பௌரகார்மிகர், அதாவது துப்புரவுப் பணியாளர், பல நேரம் வெறும் கையால். பளபளவென்று ஏதோ எலக்ட்ரானிக் சாமான் தெரிந்தால் காசு வரும் என்று உடைத்தும் பார்ப்பார்.

வருடத்துக்கு ஒரு நோயாளிக்கு சுமார் 120 அடிப் பாகம். உங்களிடம் கேட்பது இரண்டு. கழற்றும்போது ஊசி தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், திரும்ப வெளியே வரவே கூடாது. பேட்டரியை மட்டும் நகத்தால் நெம்பி எடுக்கிற மாதிரி ஒரு மூடி வையுங்கள். நோயாளி அதைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து, புது செட் வாங்கும்போது உங்களிடமே திருப்பிக் கொடுக்கட்டும். 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பவருக்குத்தான்.

அல்சூர் ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதை வைத்துக் குழுவில் உட்கார்ந்து பேசினோம். விலையை வைத்துப் போட்ட கோட்டை அழித்துவிட்டோம்.

புது வரைபடம் இது. மேல் பாகத்தில் மோட்டார், கியர், அழுத்த சென்சார், சர்க்யூட், ப்ளூடூத் மட்டும். ஸ்க்ரூ, பிளஞ்சர் தள்ளி, கேனுலா, ஒட்டுத்துணி, பேட்டரி, சில்லு எல்லாம் கீழே. மருந்துக்கு 3 மில்லி கார்ட்ரிட்ஜ். அதனால் பம்பின் நீளம் கூடுகிறது, அது எனக்கு வருத்தம்தான், குழந்தைகளின் கைக்கு அது பெரியது. ஆனால் சிஸ்டர் சொன்ன யு-40 ஆபத்தை வேறு எப்படியும் அடியோடு ஒழிக்க எனக்கு வழி தெரியவில்லை. லேபிளை நம்ப மாட்டேன்.

மேல் பாகம் ஒட்டுவதற்கு முன்னால் மாட்டப்படும், மூன்று நாள் முடியும் வரை கழலாது. குளியலுக்குக் கழற்றும் வசதி போய்விட்டது. அதற்காக எங்கள் குழுவில் ஒருவர் கடைசிவரை வாதாடினார், நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டிய உடனே, தோலில் ஒட்டும் முன்பாக, பம்ப் தானாகத் தள்ளி ஆட்டத்தை இறுக்கி உராய்வைப் படித்துக்கொள்ளும். காலக்கெடு முடிந்தபின் 8 மணி நேரம் அவகாசம், அதுவரை மணிக்கு ஒரு தடவை அதிரும். அம்மா கேட்ட இரண்டாவது மேல் பாகம் பெட்டியிலேயே வரும். ஸ்க்ரூவும் பேட்டரியும் கீழே போய்விட்டதால் அதைக் கொடுக்க எங்களால் முடியும், பழைய வரைபடத்தில் முடிந்திருக்காது.

ஜாலஹள்ளி நண்பருக்கு: முழுக்கூட்டு வழி பொறியியலாகச் சுத்தமானது, ஒத்துக்கொள்கிறேன். நம்மூரில் அதை மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றக் கூடிய வீடுகள் குறைவு. நாங்கள் மற்ற வீடுகளுக்காகத்தான் இதைச் செய்கிறோம்.

ஒன்று இன்னும் தீரவில்லை. தூக்கிப்போடும் பாகத்தில் பிளாஸ்டிக் ஸ்க்ரூ. பிட்ச் துல்லியம் வேண்டும், விலையும் குறைய வேண்டும். பீன்யா சார், அசிடால் பிளாஸ்டிக்கில் மோல்ட் செய்தால் கிடைக்குமா, அல்லது உலோகத்தில் ரோல் செய்ய வேண்டுமா?

பீன்யா பட்டறை

அசிடாலில் கிடைக்கும், ஆனால் சுருக்கம் ஒவ்வொரு மோல்ட் குழிக்கும் கொஞ்சம் மாறும். எட்டுக் குழி டூலிங்குக்குப் போகாதீர்கள், முதலில் இரண்டு குழி போட்டு எந்தக் குழியில் வந்தது என்று பாகத்திலேயே ஒரு எண் பதியுங்கள். ஒவ்வொரு குழியின் பிட்சையும் அளந்து அந்தத் திருத்தத்தை சில்லில் எழுதிவிட்டால் மோட்டார் அதற்குத் தகுந்த மாதிரி சுற்றும். சனிக்கிழமை வரைபடத்தோடு வாருங்கள். அம்மாவும் சிஸ்டரும் வர முடிந்தால் மாதிரி மோல்டைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

டைப் ஒன் அம்மா

நான் வருகிறேன். மகளையும் அழைத்து வருகிறேன், மாட்டப்போவது அவள்தான். தேங்காய் எண்ணெயும் கொண்டு வருகிறேன்.